கை கிளட்சுக்கு மூன்று நட்டு

என் இடது முழங்கால் மடங்காது. ஈ.சி.ஆரில் குறுக்கே வந்த ஒரு மாட்டைக் காப்பாற்றப் போய் பைக்கோடு விழுந்ததில் வந்த வினை. மாடு இன்றைக்கும் சவுக்கியமாக இருக்கிறது. போக வர அதைப் பார்க்கிறேன், அது என்னைக் கண்டுகொள்வதே இல்லை. டாக்டர் எல்லாம் முடித்துவிட்டு, நடக்கலாம், மாடிப்படி ஏறலாம், அந்தக் காலால் அழுத்தமான பெடல் எதையும் மிதிக்க மட்டும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். மரக்காணத்தில் உப்பளம் வைத்திருக்கிறவனுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்: இனி டிராக்டர் ஓட்டாதே. கிளட்ச் இடது காலில் அல்லவா இருக்கிறது.

அதற்கப்புறம் ஒரு வருஷம் முழுக்க உப்பளக் கரையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். வாடகை வண்டி வந்து உப்பு ஏற்றும். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து குறை சொல்வேன். திருப்புகிற லட்சணத்தைப் பார், கரையை உடைக்கப் போகிறான், இப்படியா பிரேக் பிடிப்பது என்று. டிரைவர்கள் என்னைக் கண்டாலே பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிடுவார்கள். என் மனைவி ஒரு நாள் சொன்னாள், "நீங்க வுழுந்ததுல உங்களுக்குக் காலு போச்சு, எனக்குக் காது போச்சு." நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் பயமாக இருந்தது. ஐம்பத்திரண்டு வயதிலேயே சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளாகிவிட்டேனோ என்ற பயம். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அவளிடமும் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான், வேறு ஒரு வேலையாகக் குயிலாப்பாளையம் போன இடத்தில், ஒரு கெஸ்ட் ஹவுஸுக்குப் பின்னாலிருந்த முந்திரித் தோப்பில் இந்தப் பழைய டிராக்டரைப் பார்த்தேன். எந்தக் காலத்திலோ கப்பலில் வந்ததாம். தகர ஷெட்டுக்குள் கோழிகள் அதன்மேல் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. சும்மா ஏறி உட்கார்ந்து பார்த்தேன். இடது காலை நீட்டிய இடத்தில் கிளட்ச் பெடலைக் காணோம். கழற்றி விற்றுவிட்டார்களோ என்று குனிந்து தேடினேன். அப்புறம்தான் என் வலது கைப்பக்கம் நீளமாக ஒரு லீவர் நிற்பதைப் பார்த்தேன். இந்த வண்டிக்குக் கிளட்ச் கையில். முன்னே தள்ளினால் பிடிக்கும், பின்னே இழுத்தால் விடும். காலுக்கு அங்கே வேலையே இல்லை. கோழி எச்சத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்பதே எனக்கு மறந்துபோனது.

விலை பேசி அதை வாங்கி வந்தேன். வானூரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து அதற்கு உயிர் கொடுத்தார். என்னைவிட வயதில் சிறியவர், பேச்சில் பெரியவர். இரண்டு பக்கமும் தனித்தனியாக இருந்த பிரேக்கை ஒரே கம்பியில் சேர்த்து வலது காலுக்குக் கொடுத்ததும் அவர்தான். ஸ்டார்ட் செய்ய மட்டும் ஒரு ஆள் வேண்டும். பக்கவாட்டில் இருக்கும் பெரிய இரும்புச் சக்கரத்தைக் கையால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். என் காலை வைத்துக்கொண்டு அது ஆகாது. அந்த வேலையை என் மனைவி எடுத்துக்கொண்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்த வண்டியை ஒரு வார்த்தை திட்டிவிட்டு, ஒரே சுற்று. டுப், டுப், டுப் என்று அது பேச ஆரம்பித்துவிடும். சுற்றுலா வருகிறவர்கள் காரை நிறுத்தி போட்டோ எடுப்பார்கள். வண்டியை எடுக்கிறார்களா இவளை எடுக்கிறார்களா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

மூன்று வருஷம் அந்த வண்டிதான் எங்கள் உப்பளத்தை ஓட்டியது. டிரெய்லரை இழுக்கும். அதைவிட முக்கியம், வண்டியின் பக்கத்தில் இருக்கும் புல்லியில் ஒரு பட்டை பெல்ட்டை மாட்டினால் பம்பு ஓடும். வாய்க்காலிலிருந்து உவர்த் தண்ணீர் பாத்திக்கு ஏறும். கிளட்ச் பிளேட்டெல்லாம் அந்தப் புல்லிக்குள்ளேதான் இருக்கின்றன. லீவரைத் தள்ளும்போது கடைசியில் 'டக்' என்று ஒரு இடத்தில் விழும். அந்த 'டக்' கையில் கேட்டதென்றால் அன்றைய பொழுது எனக்கு நல்ல பொழுது.

போன மழைக்காலத்தில் முழங்கால் வீங்கி, திண்டிவனத்தில் மகள் வீட்டில் இரண்டு மாதம் படுத்துக் கிடந்தேன். எங்கள் பக்கத்தில் மழைக்கு முன்னால் இரும்புக்கெல்லாம் எண்ணெய் வைப்பது வழக்கம். உப்புக் காற்று இரும்பைத் தின்னும். பூட்டு, கேட்டு, சைக்கிள், கிணற்று ராட்டினம் என்று ஒன்று விடாமல் விளக்கெண்ணெய் தடவித்தான் மழையை உள்ளே விடுவோம். தடவாத வீட்டில் பொங்கலுக்குப் பூட்டைத் திறக்கச் சுத்தியல் வேண்டும். படுத்த இடத்திலிருந்து நான் மனைவிக்கு போனில் உத்தரவு போட்டேன். "வண்டிய நல்லா பாத்துக்கோ. இரும்பு எங்க எங்க தெரியுதோ அங்கல்லாம் எண்ணெ போவணும். ஒரு விரக்கட எடம் காஞ்சிருக்கக் கூடாது." அவள் "சரிங்க" என்றாள். அவள் "சரிங்க" என்று மட்டும் சொன்னால் அந்த வேலை பாதியில் நிற்காது. அது எனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும்.

தை பிறந்ததும் திரும்பி வந்தேன். பாத்தியில் நின்ற மழைத் தண்ணீரை வடித்து, சேற்றை வழித்து, தரையை மிதித்துக் கெட்டியாக்கி, தண்ணீர் ஏற்ற வேண்டிய நேரம். மனைவி சக்கரத்தைச் சுற்றினாள், வண்டி ஸ்டார்ட் ஆனது. பெல்ட்டை மாட்டி லீவரைத் தள்ளினேன். பம்பு கொஞ்ச நேரம் ஓடியது. புல்லி சூடானதும் மெல்ல மெல்ல வேகம் குறைந்து நின்றேவிட்டது. இன்ஜின் பாட்டுக்கு டுப் டுப் என்று பாடிக்கொண்டிருந்தது. கிளட்ச் வழுக்குகிறது.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். மெக்கானிக்குக்கு போன் போட்டேன். போன வருஷம்தான் அவர் புது பிளேட் போட்டிருந்தார். "ஏம்பா, என்னாத்தப் போட்டு வச்சிருக்க உள்ள? அட்டையா?" என்று ஆரம்பித்தேன்.

அவர் பொறுமையாகத்தான் கேட்டார். "அண்ணா, தொறந்து பாத்தீங்களா?"

"தொறக்கறதுக்கு என்னா இருக்குது? டூப்ளிகேட் பிளேட்டு போட்டா வழுக்காம என்னா பண்ணும்?"

"டூப்ளிகேட்டுனு நீங்க முடிவு பண்ணிட்டீங்கன்னா நான் எதுக்குண்ணா வரணும்?" என்று கட் பண்ணிவிட்டார். வாயைக் கொடுத்து மெக்கானிக்கை இழப்பதில் எனக்கு ஈடு இந்தக் கடற்கரையில் யாரும் இல்லை.

சரி, நமக்குத் தெரியாததா என்று நானே ஸ்பேனரை எடுத்தேன். அந்த வேலை பார்க்கச் சுலபம்தான். புல்லியின் மூடியைக் கழற்றினால் மூன்று நட்டு தெரியும். ஒவ்வொன்றுக்கும் குறுக்கே ஒரு பின். பின்னை உருவி, நட்டை ஒரு கட்டு திருப்பி, அடுத்த ஓட்டையில் பின்னைச் செருக வேண்டும். மூன்றையும் ஒரே அளவு திருப்ப வேண்டும், அவ்வளவுதான். ஒரு கட்டு இறுக்கினேன், வழுக்கியது. இன்னொரு கட்டு, அப்போதும் வழுக்கியது. மாலைக்குள் நாலு கட்டு ஏற்றிவிட்டேன். லீவரைத் தள்ள இரண்டு கையும் வேண்டியிருந்தது. இனி வழுக்கட்டும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, வண்டியை மெல்ல வீட்டுப் பக்கம் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத் தூங்கினேன்.

மறுநாள் காலை பனி இருந்தது. பம்பு இருக்கும் இடத்துக்கு வண்டியைக் கொண்டு போகலாம் என்று கரைமேல் ஏற்றினேன். நன்றாகத்தான் போனது. பம்பு நெருங்கியதும் லீவரைப் பின்னால் இழுத்தேன். லீவர் வந்தது, வண்டி நிற்கவில்லை. மறுபடி தள்ளி மறுபடி இழுத்தேன். அது எனக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி போய்க்கொண்டே இருந்தது. பிரேக்கை மிதித்தேன், வேகம் குறைந்ததே தவிர நிற்கிற வழியாக இல்லை. எதிரே வாய்க்கால். குதிக்கலாம் என்றால் மடங்காத காலோடு எங்கே குதிப்பது? ஸ்டியரிங்கை ஒரே ஒடி ஒடித்தேன். வண்டி கரையிலிருந்து இறங்கி, பக்கத்து உப்பளக்காரர் இரண்டு நாளாக ஆள் வைத்து மிதித்துக் கண்ணாடி மாதிரி வைத்திருந்த பாத்திக்குள் போய், நடுவில் புதைந்து நின்றது. ஸ்விட்ச் என்று ஒன்று இருக்கிறது, அதை அணைத்தால் இன்ஜின் நிற்கும் என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

பக்கத்து உப்பளக்காரர் வந்து கரையில் நின்று, டயர் கிழித்த இரண்டு பள்ளத்தையும் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"என்னாண்ணா, ஏர் ஓட்டிட்டியா? மல்லாட்ட போடப் போறியா?" என்றார். சுற்றி நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். உப்புப் பாத்தியில் வேர்க்கடலை. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது?

கெடுத்த பாத்தியை நாங்கள்தான் மிதித்துக் கொடுக்க வேண்டும். என் மனைவியும் எங்கள் உப்பளத்தில் வேலை செய்யும் இரண்டு பெண்களும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாக மிதித்தார்கள். நான் சேற்றில் இறங்கப் போனேன். பக்கத்து உப்பளக்காரர் ஓடிப்போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். "நீ உக்காருண்ணா, காலு நோவும். நாளையிலேர்ந்து என் வண்டிய அனுப்புறேன், தண்ணி ஏத்திக்கோ. இந்த வண்டி இனிமே எதுக்கு, இரும்புக்குப் போட்டுடு" என்றார்.

நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குத்தான் தாங்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன், மனைவி வெயிலில் மிதித்துக்கொண்டிருந்தாள், மறுபடி அதே இடத்துக்கு வந்துவிட்டோம் என்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உப்புக் காற்று என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். அவள் பார்த்துவிட்டு மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள்.

மத்தியானம் மெக்கானிக் வந்து நின்றார். நான் கூப்பிடவில்லை. அவள்தான் போன் செய்து, "அவரு பேசினதெல்லாம் மனசுல வச்சிக்காதீங்க தம்பி, வாயி மட்டுந்தான் அவருக்கு எண்ணெ போட்ட மாதிரி ஓடும்" என்று சொல்லி வரவழைத்திருக்கிறாள். வண்டியைச் சேற்றிலிருந்து இழுத்து மேட்டில் நிறுத்தி, அவர் புல்லியை முழுதாகப் பிரித்தார். பிளேட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. ஒன்றை மூக்குக்கிட்டே கொண்டுபோய் மோந்தார். மறுபடி மோந்தார். அப்புறம் என்னிடம் நீட்டினார்.

விளக்கெண்ணெய்.

"கிளட்ச்சு பிளேட்டுக்கு யாருண்ணா வெளக்கெண்ணெ வச்சது? ஆறின நேரம் பசை மாதிரி ஒட்டிக்கும், சூடேறினா வழுக்கும். கொழந்தைக்கு ஊத்தற மாதிரி ஊத்தி வச்சிருக்கீங்க."

நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி முன்னால் வந்தாள். "நாந்தான் தம்பி. மூடில ஓட்ட இருந்திச்சி, உள்ள இரும்பு தெரிஞ்சிது. மருந்து குடுக்கற சிரிஞ்சில வாரா வாரம் ரெண்டு தடவ வுட்டேன். அவருதான் இரும்பு தெரியற எடமெல்லாம் வுடச் சொன்னாரு."

மெக்கானிக் என்னைப் பார்த்தார். வானூர் முதல் இங்கே வரை தேக்கி வைத்திருந்த கோபத்தை எல்லாம் அந்த ஒரு பார்வையில் தீர்த்துக்கொண்டார். நான் தலையைச் சொறிந்தேன். அவளைத் திட்டலாம் என்று கூட ஒரு நிமிஷம் தோன்றியது. எப்படித் திட்டுவது? நான் சொன்னதைச் சொன்னபடி செய்த ஒரே ஆள் அவள்தான். மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு, வாராவாரம், சிரிஞ்சோடு வந்து நின்றிருக்கிறாள். "தம்பி, நான் போன்ல பேசினது தப்பு" என்றேன். "அது தெரிஞ்சதுதானே" என்று அவர் வேலையைப் பார்த்தார்.

பிளேட்டுகளைப் பெட்ரோலில் கழுவினோம். துடைத்தோம், மறுபடி கழுவினோம். அவள் ஒரு பழைய புடவையை விரித்து அப்பளம் காயப் போடுகிற மாதிரி அவற்றை வரிசையாக வெயிலில் பரப்பினாள். காக்கா வந்து பார்த்துவிட்டுப் போனது. அடுத்த நாள் காலை மெக்கானிக் எல்லாவற்றையும் மாட்டி, மூன்று நட்டையும் ஒரு அளவில் வைத்து, லீவரைத் தள்ளினார். 'டக்.' ஆனால் எனக்குத் திருப்தி இல்லை. கொஞ்சம் இலேசாக விழுகிற மாதிரி இருந்தது.

"இப்பிடியே இருக்கட்டும்ணா. ரெண்டு நாளு ஓட்டுங்க, பிளேட்டு பதிஞ்சதும் நானே வந்து ஒரு கட்டு ஏத்தித் தர்றேன். இப்பவே இறுக்கினா கிளட்ச்சு வுடாது" என்று சொல்லிவிட்டுக் கிளியனூரில் ஏதோ வேலை என்று கிளம்பிவிட்டார்.

அவர் பைக் திருப்பத்தில் மறைந்ததும் நான் ஸ்பேனரை எடுத்தேன். எனக்கு வண்டி நிற்காமல் போவதைவிட வழுக்குவதுதான் பயம். வழுக்கினால் பம்பு ஓடாது. பம்பு ஓடாவிட்டால் நாளைக்குப் பக்கத்து உப்பளக்காரர் வண்டி வரும், எனக்கு நாற்காலி வரும். மூன்று நட்டிலும் இரண்டிரண்டு கட்டு ஏற்றினேன். லீவரைத் தள்ளிப் பார்த்தேன். கையில் நல்ல பலமாக விழுந்தது. அப்பாடா என்றிருந்தது.

மனைவி பாத்திரம் கழுவிய கையோடு வந்தாள். ஸ்பேனரைப் பார்த்தாள், மெக்கானிக் போன வழியைப் பார்த்தாள். "அவரு வச்சிட்டுப் போனதுல கை வச்சிட்டீங்களா?"

"சும்மா, கொஞ்சூண்டு."

"நிக்குமா?"

"அதெல்லாம் நிக்கும். வந்து வீல சுத்து."

அவள் சுற்றினாள். வண்டி ஸ்டார்ட் ஆனது. நான் ஏறி உட்கார்ந்தேன். அவள் வழக்கமாகப் பின்னால் வந்து டிரெய்லர் கொக்கி பக்கம் ஏறிக்கொள்வாள். அன்றைக்கு ஏறவில்லை. கரைமேல் எனக்கு முன்னால் நடந்தாள். பம்பு வரைக்கும் போய், வாய்க்காலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கரையின் நடுவில் என்னைப் பார்த்துத் திரும்பி நின்றாள். கரை அங்கே வண்டி அகலம்தான்.

"தள்ளு அந்தாண்ட" என்று கத்தினேன்.

"நீங்க வாங்க."

"ஏய், வெளையாடாத. தள்ளு."

"நிக்கும்னுதானே சொன்னீங்க? வந்து நிறுத்துங்க. நான் இங்கதான் இருக்கறேன்."

இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. பாத்திரம் கழுவிய தண்ணீர் முழங்கைவரை ஈரமாக இருந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. இப்படி ஒரு பொம்பளை உண்டா என்று அவள் அப்பாவையும் சேர்த்து மனசுக்குள் திட்டினேன். லீவரில் கையை வைத்தேன். தள்ள வேண்டியதுதான் பாக்கி. இன்ஜின் டுப் டுப் என்று ஓடிக்கொண்டிருந்தது.

கை போகவில்லை. நிற்கும் என்று வாய்தான் சொன்னது. கைக்குத் தெரியும், எத்தனை கட்டு ஏற்றினோம் என்று.

ஸ்விட்சை அணைத்தேன். காலை இழுத்து இழுத்து இறங்கினேன். ஸ்பேனரை எடுத்து, மூன்று பின்னையும் உருவி, ஏற்றிய இரண்டு கட்டையும் அப்படியே இறக்கி, மெக்கானிக் வைத்த இடத்தில் வைத்துப் பின்னைச் செருகினேன். அவசரப்படவில்லை. ஒவ்வொரு நட்டையும் விரலால் தொட்டு எண்ணினேன். அந்த நேரம் முழுக்க அவள் அங்கேயே நின்றாள்.

லீவரைத் தள்ளினேன், 'டக்' என்றது. இழுத்தேன், விட்டது. நிமிர்ந்து அவளைப் பார்த்து, "இப்ப நிக்கும். வேணும்னா அங்கயே நில்லு" என்றேன்.

அவள் இறங்கி வந்தாள். "எனக்கு வேற வேலையில்லையா?" என்று சொல்லிக்கொண்டே சக்கரத்தைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். வண்டி பேச ஆரம்பித்தது. நான் ஏறி உட்கார்ந்து கிளட்சைப் போடுவதற்குள், பின்னால் வந்து கொக்கி பக்கம் ஏறி, என் சீட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். இந்த முறை முன்னால் வாய்க்காலும் பம்பும் மட்டும்தான் இருந்தன. பம்புக்கு ஐந்தடி முன்னால் லீவரை இழுத்தேன். வண்டி நின்றது.

எப்படி, நின்றதா என்று கேட்கிற மாதிரி அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அந்தப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு, கோணலாகிவிட்ட கொண்டையை அவிழ்த்து முடிந்துகொண்டிருந்தாள். வண்டி நின்றதைக்கூட அவள் கவனிக்கவில்லை.